வேலையை விட்ட பெண்கள் திரும்பி வர என்ன வேண்டும்?



வேலையில்லாதவர் என்று அரசுப் புள்ளிவிவரம் யாரைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கையில் வேலை இல்லாமல், வேலை தேடுபவரோ வேலைக்கு வரத் தயாராக இருப்பவரோ மட்டுமே அந்தக் கணக்கில் வருவார். வேலை தேடாமலும் வேலைக்கு வரத் தயாராக இல்லாமலும் இருப்பவர்கள் அனைவரும் உழைப்பாளர் படைக்கு வெளியே இருப்பவர்களாக வேறு பட்டியலுக்குப் போய்விடுவார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்ட பெண் அந்தப் பட்டியலில் இருப்பார். வணிகவியல் பட்டம் பெற்று, தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதி, மாமியார் படுக்கையில் விழுந்ததும் வீட்டோடு இருந்துவிட்டவரும் அங்கேதான் இருப்பார். வேலையின்மை விகிதம் குறைந்துவிட்டது என்று நாளிதழில் செய்தி வரும்போது, இந்தப் பெண்களின் வாழ்க்கையில் எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்காது. அவர்கள் முதலிலிருந்தே அந்த விகிதத்துக்குள் இல்லை. கணக்கில் வராத சிக்கலுக்குக் கொள்கை வகுப்பவர்களின் கவனமும் எளிதில் கிடைப்பதில்லை.

இவர்களின் தொகை சிறியதன்று. தேசிய உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 2017-18-இல் 23.3 விழுக்காட்டினர் மட்டுமே உழைப்பாளர் படையில் இருந்தார்கள். 2023-24-இல் அது 41.7 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களின் அளவு அதே ஆண்டில் 78.8. பெண்களின் உயர்வு மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் அதில் பெரும்பங்கு கிராமப்புறத்தில், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் நிகழ்ந்தது. குடும்பக் கடையிலும் வயலிலும் சம்பளமின்றி உதவுபவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் வருகிறார்கள். நகர்ப்புறப் பெண்களை மட்டும் பார்த்தால் 2023-24-இலும் 28 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நூற்றில் எழுபதுக்கு மேற்பட்ட நகரத்துப் பெண்கள் வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கிறார்கள். இவர்களில் படிப்பவர்களும் முதியவர்களும் உண்டு. அவர்களைக் கழித்த பிறகும், வேலை செய்யும் வயதும் உடல்நலமும் கல்வியும் இருந்து, வீட்டுப் பொறுப்பால் நின்றுபோன பெண்கள் கோடிக்கணக்கில் எஞ்சுகிறார்கள்.

இவர்களைத் திரும்ப அழைத்துவர உலகம் முழுவதும் மூன்று வழிகள் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. திறன் பயிற்சி கொடுப்பது முதல் வழி. உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் வேலையை நிபந்தனையாக்கி நெருக்குவது இரண்டாவது. பெண்களைக் காக்கும் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் முதலாளியின் தலையில் வைப்பது மூன்றாவது. முதல் வழி பெண்ணிடம் திறமை குறைவு என்று எண்ணுகிறது. இரண்டாவது, விருப்பம் குறைவு என்று எண்ணுகிறது. மூன்றாவது, முதலாளியிடம் மனம் குறைவு என்று எண்ணுகிறது. என் வாதம் வேறு. முதன்மையான தடை அந்தப் பெண்ணின் நாளில் இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை இல்லாத வரையில், பயிற்சியும் நெருக்கடியும் சட்டமும் அவரை வாசல்படி தாண்ட வைக்காது. ஆகவே, குழந்தைப் பராமரிப்பைச் சாலை, குடிநீர், மின்சாரம் போன்ற பொதுக் கட்டமைப்பாகக் கருதி அரசு ஏற்க வேண்டும். மற்றவை அதற்குப் பிறகே பலன் தரும்.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும். பெண்கள் தாமாகவே விரும்பித்தானே வீட்டில் இருக்கிறார்கள், கணவனின் வருமானம் கூடினால் மனைவி வேலையை விடுவது நம் நாட்டில் வழக்கம்தானே என்பார்கள். வருமானம் கூடும்போது சில குடும்பங்களில் பெண்கள் விலகுவது உண்மை. பிள்ளை வளர்ப்பதையே தன் பணியாக ஒரு பெண் தேர்ந்தால், அதைக் குறை சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஆனால் தேர்வு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு வழிகளாவது திறந்திருக்க வேண்டும். 2011-12-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, வீட்டுப் பணிகளில் மட்டுமே ஈடுபட்டிருந்த பெண்களிடம் நேரடியாகவே ஒரு கேள்வி கேட்டது: வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க வேலை கிடைத்தால் செய்வீர்களா? கிராமத்தில் சுமார் 34 விழுக்காட்டினரும் நகரத்தில் சுமார் 28 விழுக்காட்டினரும் செய்வோம் என்றார்கள். தையல் வேலையைத்தான் பலரும் கேட்டார்கள். வீட்டு எல்லைக்குள் என்ற நிபந்தனையோடு வந்த இந்த விடையில் விருப்பமும் தெரிகிறது, தடையும் தெரிகிறது. 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தத் தடையின் அளவைக் காட்டியது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார். ஆண் 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கையிலிருந்து போன பிறகு, எட்டு மணி நேர ஷிப்டும் போக வரப் பயணமும் எங்கே பொருந்தும்?

இனி மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்குச் சான்று போதாது. உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி வளரும் நாடுகளின் தொழிற்பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்த மதிப்பீடுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தார். நூறு பேருக்குப் பயிற்சி அளித்தால், அதனால் கூடுதலாக வேலை பெறுவோர் மூன்று பேருக்கும் குறைவு என்பதே அவர் கண்ட முடிவு. காரணம் கண்டுபிடிக்கக் கடினமானதன்று. தையல் தெரிந்த பெண்ணுக்கு இன்னொரு முறை தையல் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் வழங்கலாம். கம்பெனி வேன் காலை ஏழரைக்கு வரும்போது இரண்டு வயதுக் குழந்தையை யாரிடம் விடுவது என்பதற்குச் சான்றிதழில் விடை இல்லை. பயிற்சி முடித்தவர் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுவது எளிது. ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் வேலையில் நிலைத்திருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் கடினம். எளிதாக எண்ணக்கூடியதை நோக்கியே அரசின் பணமும் நகர்ந்துவிடுகிறது.

நெருக்கடி தரும் வழிக்கு அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலம் தெளிவான பாடம். ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டைப் பெறுவோரில் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ அதற்கு ஈடான செயலில் ஈடுபட்டதாகவோ பதிவு செய்ய வேண்டும் என்று 2018 ஜூனில் அந்த மாநிலம் விதித்தது. சில மாதங்களுக்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் அந்த மக்களிடையே கணக்கெடுத்தபோது, வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. விதிக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியுடையவர்களாக இருந்தார்கள். பதிவு செய்யும் முறை புரியாமலும் இணைய வசதி இல்லாமலும் பலர் மருத்துவக் காப்பீட்டை இழந்ததுதான் மிச்சம். தண்டனை, தடையை நீக்காது. தடையோடு இன்னொரு சுமையைச் சேர்க்கும்.

இதன் மறுபக்கமாக, உதவித்தொகை கொடுத்தால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள் என்ற பேச்சும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும் அது கேட்டது. மாதம் ஆயிரம் ரூபாயை நம்பி ஒருவர் வேலையை விடுவார் என்பது கணக்கிலேயே நிற்காத வாதம். அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு பணப்பரிமாற்றச் சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். உதவித்தொகை ஆண்களின் உழைப்பையோ பெண்களின் உழைப்பையோ குறைத்தது என்பதற்கு ஒழுங்கான சான்று எதுவும் இல்லை என்பது அவர்களின் முடிவு. ஆனால் பணம் யார் கைக்குப் போகிறது என்பது முக்கியம். மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வில், நூறு நாள் வேலையின் கூலியைக் குடும்பத் தலைவரின் கணக்குக்கு விடாமல் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பி, கணக்கைக் கையாளவும் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் வேலைக்குப் போவது அதிகரித்தது. உழைப்பின் பலன் தன் கைக்கு வரும் என்ற உறுதி, எந்த மிரட்டலையும் விட வலிமையானது.

மூன்றாவது வழி நல்லெண்ணத்தில் பிறந்தது. அதனால்தான் அதைக் கவனமாக ஆராய வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட பேறுகால நலச் சட்டம், சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. உரிமை என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் செலவு யாருடையது? இஎஸ்ஐ வரம்புக்குள், அதாவது மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கிக் காப்பீடு பெற்ற பெண்ணுக்கு அந்தக் காப்பீடே பணம் தருகிறது. அதற்கு மேல் வாங்குபவரின் 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். இரண்டு விண்ணப்பங்கள் மேசைக்கு வரும்போது, இளம் பெண்ணின் விண்ணப்பத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவைக்கும் தூண்டுதலை இது சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. ஐம்பது பேர் என்ற எல்லையும் 49 பேரோடு நிறுத்திக்கொள்ளத் தூண்டும். இந்த ஆபத்தை உணர்ந்துதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தம், பேறுகாலப் பணத்தைத் தனி முதலாளியின் நேரடிப் பொறுப்பாக விடாமல் சமூகக் காப்பீட்டிலோ பொது நிதியிலோ இருந்து தர வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்தது. உரிமையைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமைக்கான செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறேன். பிறக்கும் குழந்தை நாட்டின் குடிமகனாகவோ குடிமகளாகவோ வளரும்போது, அதன் தாய்க்கான செலவு ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் விழுவது நியாயமன்று.

பொதுப் பொறுப்பாக ஏற்ற இடங்களில் என்ன நடந்தது? கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-இல், நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கியது. முதலில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வந்து, சில ஆண்டுகளில் கைக்குழந்தை வரை விரிந்தது. இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்த பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய மூவரின் ஆய்வே, கணவரோடு வாழும் தாய்மார்களின் வேலை விகிதம் 7.7 புள்ளிகள் உயர்ந்ததாகக் கண்டது. ஜப்பான் 2013-இலிருந்து காப்பக இடங்களைப் பெருமளவில் கூட்டியது. அந்த நாட்டில் 15 முதல் 64 வயது வரை உள்ள பெண்களில் வேலையில் இருப்போர் 2012-இல் சுமார் 60 விழுக்காடாக இருந்து 2019-இல் 70 விழுக்காட்டைத் தாண்டினார்கள். அந்த உயர்வுக்குக் காப்பகம் மட்டுமே காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆள் பற்றாக்குறையும் துணை நின்றது. அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரமற்ற, குறைந்த ஊதிய வேலைகளில்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. காப்பகம் கதவைத் திறக்கும். கதவுக்கு அப்பால் என்ன வேலை இருக்கிறது என்பது தொழிற்சட்டத்தின் கையில் இருக்கிறது. பகுதி நேர வேலைக்கும் விகிதப்படி பிஎஃப், விடுப்பு, காப்பீடு உண்டு என்று உறுதி செய்யாவிட்டால், திரும்பி வந்த பெண் இரண்டாம் தரத் தொழிலாளியாகவே நிற்பார்.

கியூபெக்கை எடுத்துக்காட்டும்போது அதே ஆய்வின் கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் குழந்தைகளின் பதற்றமும் மூர்க்கமும் கூடியதாக அந்த மூவரும் கண்டார்கள். பிள்ளையைப் பலிகொடுத்துத்தான் தாயை வேலைக்கு அனுப்ப வேண்டுமா என்ற மறுப்பு இங்கேதான் கூர்மை பெறுகிறது. மறுப்பு நியாயமானது, அதன் விடை தரத்தில் இருக்கிறது. மலிவாக, விரைவாக, போதிய பணியாளர் இல்லாமல் காப்பகத்தை விரித்தால் குழந்தைக்குக் கேடு வரும். ஓர் ஆயாவிடம் எத்தனை குழந்தைகள், அவருக்கு என்ன பயிற்சி, என்ன சம்பளம், எத்தனை ஆண்டு அதே இடத்தில் நிலைக்கிறார் என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. டெல்லியில் 1969-இல் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய மொபைல் கிரஷஸ் அமைப்பு நம் நாட்டுச் சான்று. செங்கல்லுக்கும் மணலுக்கும் நடுவே கவனிப்பாரின்றிக் கிடந்த குழந்தைகளுக்கு உணவும் தூக்கமும் விளையாட்டும் கல்வியும் கொடுக்க முடியும் என்று அது காட்டியது. ஏழைத் தாயின் குழந்தைக்கு எதிரே இருக்கும் மாற்று, தாயின் முழுநேரக் கவனிப்பு என்று எண்ணிக்கொள்வது தவறு. பெரும்பாலும் அந்த மாற்று, எட்டு வயது அக்காவின் கையோ வேலைத்தளத்து மண்ணோதான்.

தமிழ்நாடு இந்தக் கட்டமைப்பில் பாதியை ஏற்கெனவே கட்டி முடித்திருக்கிறது என்பது என் துணிபு. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, மதியச் சாப்பாட்டுக் கவலையைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் காலை நேர நெருக்கடியைத் தளர்த்தியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாகக் கணித்தது. சம்பளத்தில் பயணம் தின்ற பங்கு குறைந்தால், தொலைவான வேலையும் கட்டுப்படியாகும். தோழி விடுதிகள் வெளியூர்ப் பெண்களுக்கு இடம் தருகின்றன. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் இந்த ஒரு மாநிலத்தில் இருப்பதற்கு, இப்படிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்துவந்த ஏற்பாடுகளும் துணை. ஆனால் விடுதி, திருமணமாகாத இளம் பெண்ணுக்கு உதவும்; பள்ளி உணவு, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு உதவும். பெண்கள் வேலையை விடுவது இவ்விரண்டுக்கும் நடுவில், குழந்தை பிறந்து பள்ளி சேரும் வரையுள்ள ஆண்டுகளில். நம் கட்டமைப்பில் உள்ள பெரிய இடைவெளியும் அங்கேயே இருக்கிறது.

அதை நிரப்பப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஊர்தோறும் கட்டடமும் சமையலும் எடைக் கருவியும் அம்மாக்களின் நம்பிக்கையும் உள்ள நிறுவனம் வேறில்லை. குறை என்னவென்றால், கைக்குழந்தையை நாள் முழுவதும் வைத்துக்கொள்ள அதற்கு ஏற்பாடு இல்லை. அதன் நேரமும் ஆலை, கடை, அலுவலக நேரத்தோடு பொருந்துவதில்லை. அங்கன்வாடியைக் காப்பகத்தோடு இணைக்கும் பால்னா என்ற மத்தியத் திட்டம் நாடு முழுவதற்கும் 17,000 மையங்களை இலக்காகக் கொண்டது. தமிழ்நாட்டின் தேவைக்கே அது போதாது. திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களிலிருந்து தொடங்கி, குழந்தைகள் மிகுந்த அங்கன்வாடிகளைக் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்துவைக்கலாம். இரண்டு ஷிப்டுகளாகப் பணியாளரை நியமிக்கலாம். கூடுதல் நேரத்தை இருக்கும் ஊழியர் தலையிலேயே கட்டிவிட்டு, அவர் வாங்குவதை மதிப்பூதியம் என்றே அழைத்துக்கொண்டிருந்தால், சில பெண்களை வேலைக்கு அனுப்ப வேறு சில பெண்களைச் சுரண்டியதாகும். அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அவர்களை முழுமையான தொழிலாளர்களாக ஏற்பதே அடுத்த நியாயமான படி. இந்தப் பணியிடங்களே பல ஆயிரம் பெண்களுக்கு வீட்டருகே கிடைக்கும் வேலையாகவும் அமையும்.

நம் குடும்பங்களில் பாட்டி இருக்கிறாரே, காப்பகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டியின் மடி குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பாட்டிக்கும் வயது ஐம்பதோ ஐம்பத்தைந்தோதான். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்துவந்தார்கள். அவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் ஏராளம். மருமகள் வேலைக்குப் போகப் பாட்டி தன் கூலியை விடுவதானால், குடும்பத்தில் ஒரு பெண்ணின் இடத்தை இன்னொரு பெண் நிரப்பினார் என்பதைத் தவிர வேறென்ன நடந்தது? வேலை தேடித் திருப்பூருக்கு இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பாட்டி ஊரில் இருக்கிறார். அவரைக் கணக்கில் வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. நூறு நாள் வேலையைத் தந்த 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமே, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேருக்குக் குறையாமல் தளத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துக் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. பராமரிப்பும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்ட கொள்கை அது. அதைக் கிராமத்து வேலைத்தளத்தோடு நிறுத்தாமல் நகரத்துத் தெருவுக்கும் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. முதலில் வேலை எங்கே இருக்கிறது? வேலையே இல்லாத ஊரில் காப்பகம் கட்டி என்ன பயன்? இதை நான் பாதி ஏற்கிறேன். டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு, தொலைபேசிச் சேவை நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர்களை அனுப்பிய ராபர்ட் ஜென்சனின் ஆய்வு, வேலை இருக்கிறது என்ற செய்தி சென்ற கிராமங்களில் இளம் பெண்கள் வேலைக்குப் போவது கூடியதையும் திருமணம் தள்ளிப்போனதையும் 2012-இல் காட்டியது. தேவை இருக்கும் இடத்தில் பழக்கமும் மாறும். ஆனால் தமிழ்நாட்டின் தொழில் வட்டாரங்களில் ஆலைகள் வெளி மாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும்போது, அதே தெருவில் அனுபவமுள்ள பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். அங்கே குறைவது வேலையன்று. குழந்தை, ஷிப்ட், தொலைவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனவே காப்பகத்தோடு, தாய்மார்களுக்குப் பொருந்தும் ஷிப்டும், இடைவெளி விட்டவர்களை வயது பார்த்து ஒதுக்காத ஆள்தேர்வும் சேர்ந்தே வர வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, இடையில் பணியை விட்ட பெண் விஞ்ஞானிகளுக்கு ஆய்வுத் தொகை கொடுத்துத் திரும்ப அழைக்கிறது. விஞ்ஞானிக்குப் பொருந்தும் இந்த எண்ணம் தையல்காரருக்கும் கணக்கருக்கும் செவிலியருக்கும் ஏன் பொருந்தாது? அதுபோலவே, 97 நிமிடங்களில் நின்ற ஆணின் பங்கும் உயர வேண்டும். தந்தைக்கான விடுப்பு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. தனியார் துறையில் பெரும்பாலான தந்தையர்க்குச் சட்டம் எதையும் உறுதி செய்யவில்லை. பிறந்த குழந்தையைத் தூக்கிப் பழகாத தந்தை பிறகு அந்த நிமிடங்களைக் கூட்டுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

இவற்றையெல்லாம் செய்யப் பணம் ஆகும். ஆனால் செய்யாமல் விடுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அது வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை என்பதுதான் வேறுபாடு. பன்னிரண்டாம் வகுப்பு வரையும் கல்லூரி வரையும் அரசு செலவழித்துப் படிக்கவைத்த பெண், இருபத்தைந்து வயதில் வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் வெளியே நின்றால், அந்தக் கல்வியின் பலனைப் பொருளாதாரம் இழக்கிறது. அதைவிடப் பெரிதாக, முதுமையில் தன் பெயரில் ஓய்வூதியமோ சேமிப்போ இல்லாமல் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு அந்தப் பெண் தள்ளப்படுகிறார். ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள தாய்மார்களில் எத்தனை பேருக்கு நடந்து போகும் தொலைவில் நாள் முழுவதும் நம்பி விடத்தக்க காப்பகம் இருக்கிறது, வேலைக்குத் திரும்பியவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருக்கிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக, ஆண்டுதோறும் வெளியிடச் சொல்ல வேண்டும். பள்ளியில் சோறு போடுவது அரசின் வேலையா என்று கேட்ட காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்தது. இன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளையும் அதே பொறுப்போடு ஏற்கும் துணிவு நமக்கு வர வேண்டும். அது வந்தால், வேலைக்குத் திரும்புமாறு எந்தப் பெண்ணையும் வற்புறுத்த வேண்டியிருக்காது. விரும்புகிறவர் போவார், விரும்பாதவர் இருப்பார். எது நடந்தாலும் அது அவருடைய முடிவாகவே இருக்கும்.